ஆஸ்பத்திரில கனிவா ரெண்டு வார்த்தை பேசுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆஸ்பத்திரி நல்லா இருக்கான்னு கேட்டா நாம உடனே மெஷின், ஏசி ரூம்னு சொல்றோம், ஆனா படுத்து எழுந்து வந்தவங்கள கேட்டுப் பாருங்க, "அந்த நர்ஸம்மா தங்கமா பாத்துக்கிட்டாங்க"னுதான் ஆரம்பிப்பாங்க. எங்க அம்மாவுக்கு ட்ரிப்ஸ் ஏத்துறப்போ நரம்பு கிடைக்கல, ஒருத்தங்க ஒண்ணுமே பேசாம குத்திக் குத்தி எடுத்தாங்க, அப்புறம் வந்த பொண்ணு பக்கத்துல உக்காந்து கைய தடவிக் குடுத்து "லேசா சுருக்குனு இருக்கும்மா, மூச்ச இழுத்து விடுங்க"னு சொல்லிட்டு ஊசிய போட்டுச்சு. வலி ஒண்ணுதான், ஆனா அம்மா முகத்துல இருந்த பயம் போயிடுச்சு.

இங்கிலாந்துல கேட் கிரேஞ்சர்னு ஒரு டாக்டர், அவங்களே கேன்சர் பேஷண்டா 2013ல ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ, வந்து பாத்த பலபேர் தன் பேரக்கூட சொல்லலன்னு கவனிச்சு, "ஹலோ, என் பேரு..."ன்னு சொல்லிட்டு வேலைய ஆரம்பிங்கன்னு ஒரு இயக்கமே நடத்துனாங்க. 2016ல இறந்துட்டாங்க, இயக்கம் இன்னும் நடக்குது. அமெரிக்காவுல நர்ஸ் மரியாதையா நடந்தாங்களா, காது குடுத்து கேட்டாங்களான்னு டிஸ்சார்ஜ் ஆனவங்ககிட்ட சர்வே எடுக்குறாங்க, அந்த மார்க்க வச்சு, மெடிகேர்னு வயசானவங்களுக்கான அரசு காப்பீடு ஆஸ்பத்திரிக்குக் குடுக்குற பணமும் கூடும் குறையும்.

நர்ஸுங்கள மட்டும் குறை சொல்றது தப்பு. ராத்திரி ஒரு வார்டு முழுக்க ஒரே ஆள் ஓடிக்கிட்டு இருந்தா சிரிச்ச முகம் எங்கேருந்து வரும்? ஒப்பந்தத்துல இருக்குறவங்கள நிரந்தரமாக்குங்க, காலி இடத்த நிரப்புங்க, நம்ம ஊர்லயும் டிஸ்சார்ஜ் ஆகுறப்போ அந்த மாதிரி நாலு கேள்வி கேளுங்கன்னு உங்க பத்திரிகை சுகாதாரத் துறைக்கு அழுத்தி எழுதணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை