திருவையாற்றுப் பந்தலில் எனக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நான் அரியலூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த வருடம் பொங்கல் தையல் முடிந்த கையோடு திருவையாற்றில், கர்நாடக சங்கீதப் பாட்டுகள் இயற்றிய தியாகராஜரின் நினைவாக நடக்கும் ஆராதனைக்குப் போய் வந்தேன். கச்சேரி என்று ஒன்றை நேரில் உட்கார்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டு மேளமும் திருவிழாப் பாட்டுக் கச்சேரியும் காதில் விழாமல் எங்கள் பக்கம் யாரும் வளர முடியாது. ஆனால் அங்கெல்லாம் பந்தி கவனிப்பதும் பிள்ளைகளைத் தேடுவதுமாகத்தான் என் நேரம் போயிருக்கிறது. பாட்டுக்கென்றே புறப்பட்டுப் போய், பாட்டுக்கென்றே உட்கார்ந்தது இப்போதுதான், ஐம்பது வயது தாண்டிய பிறகு. அதற்கு எத்தனையோ பேர் கை கொடுத்தார்கள். பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் என் நாத்தனாருக்கு. மாமியார் படுக்கையில் இருக்கிறார். மருந்து, கஞ்சி, துணி மாற்றுவது என்று ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். நான் வீட்டை விட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருப்பது நடக்காத காரியம். போனில் பேச்சுவாக்கில் என் ஆசையைச் சொன்னேன், அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலமே பெரம்பலூரிலிருந்து பையோடு வந்து நின்றாள். "எங்கம்மாவ நான் பாத்துக்க மாட்டனா? போய்ட்டு வாங்க அண்ணி" என்றாள். விடியற்காலை நான் எழுந்திருப்பதற்குள் புளிச்சோறு கட்டி வைத்திருந்தாள். அவளுக்குக் கர்நாடக சங்கீதம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும் என்பதற்காகவே வந்தாள்.

அடுத்து எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு. அவர் இப்போது இல்லை. ஆனாலும் இந்த மடலில் அவர் பேர் சொல்லாவிட்டாலும் அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினெட்டு வயதில் அவர் கடையில் காஜா எடுக்கச் சேர்ந்தேன். கட்டிங் மேஜைக்கு மேலே ஒரு பலகையில் ரேடியோ இருக்கும். காலையில் திருச்சி வானொலி. வருடத்தில் ஒரு நாள், தை பிறந்ததை ஒட்டி, திருவையாற்றிலிருந்து, தியாகராஜரின் ஐந்து பாட்டுகளான பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நேரடியாக ஒலிபரப்புவார்கள். பண்டிகை நெருக்கத்தில் எவ்வளவு துணி குவிந்து கிடந்தாலும் சரி, அந்த நேரத்துக்கு மாஸ்டர் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிவிடுவார். பெடல் சத்தத்தில் பாட்டு போய்விடுமாம். நாங்கள் கையால் ஹெம்மிங் மட்டும் செய்துகொண்டிருப்போம். அவர் ராகம் பேர் சொன்னதில்லை, விளக்கம் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்பார். நான் தனியாகக் கடை வைத்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. இத்தனை வருடம் திருவையாறு எனக்குக் காதளவில் தெரிந்த ஊர். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆராதனைக்கு என்று இறங்கியதில்லை.

இறங்க வைத்தது பாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ரவிக்கை தைக்க என் கடைக்கு வருவார். ஒரு நாள் அளவு எடுக்கும்போது நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். "நீங்க பாடுறது ஆரபி ராகம். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். ரேடியோ என்றேன். அன்றிலிருந்து அவர் துணி வாங்க வரும்போதெல்லாம் கால் மணி நேரம் பாடம்தான். பஞ்சரத்தினம் ஐந்தும் ஆதி தாளம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்பது ராக வரிசை. முதல் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. ஸ்வரமும் அதற்கேற்ற சாகித்தியமுமாக, அதாவது பாட்டின் வார்த்தையுமாக, நடை போடும். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை என் கட்டிங் மேஜையில் தட்டிக் காட்டினார். "ரேடியோல கேட்டதெல்லாம் போதும், இந்த வருஷம் என்கூட வாங்க" என்று அவர் சொன்னபோது நான் சொன்ன சாக்கு எதையும் காதில் வாங்கவில்லை. டீச்சர், நீங்கள் கூப்பிட்ட மாதிரி இதுவரை யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை.

முதல் பஸ்ஸில் போனோம். கீழப்பழுவூர், திருமானூர், கொள்ளிடம் பாலம், அதைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ஊர். எங்கே இறங்கினால் நடை குறைச்சல் என்று பார்த்து, அந்த இடத்தில் நிறுத்தி இறக்கிவிட்ட கண்டக்டர் தம்பிக்கும் நன்றி. டீச்சருக்கு முழங்கால் வலி, அந்த உதவி சின்னது இல்லை.

காவிரிக் கரையில் பந்தல். தரையெல்லாம் மணல். நாதஸ்வரத்தோடு தொடங்கியது. திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் உஞ்சவிருத்தி பஜனை ஊர்வலமாக வந்து சேர்ந்தது. பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து, தியாகராஜர் சமாதி முன்னால் எதிரும் புதிருமாக வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரொட்டியில் பார்த்த முகங்களும் பாவாடை தாவணியில் வந்த பெண்களும் பக்கத்துப் பக்கத்தில். யாருக்கும் நாற்காலி இல்லை, மேடை இல்லை. பாடுவதற்கு யாரும் பணம் வாங்குவதும் இல்லை.

எங்களுக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை. கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு மாமி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இங்க வாங்கோ, ரெண்டு பேரும் ஒடுங்கி ஒக்காரலாம்" என்று கூப்பிட்டார். மடியில் ஒரு பழைய கீர்த்தனைப் புத்தகம். தமிழ் எழுத்தில், க ச ட த ப வரும் இடத்தில் எல்லாம் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று உச்சரிப்பு வித்தியாசம் காட்டச் சின்னச் சின்ன எண் போட்டு அச்சடித்த புத்தகம். அதைப் பாதி எனக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

புல்லாங்குழல் கலைஞர்கள் முதலில் ஒரு கீர்த்தனை வாசித்தார்கள். அது முடிந்து ஒரு நிமிடம் போல அமைதி. அப்புறம் நாட்டை. அந்த முதல் வரி எழும்பியபோது நான் பாடகர்களைப் பார்க்கவே இல்லை, மாமியின் விரலைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் நகர்கிறது. நகத்தில் மஞ்சள் கறை. ஸ்வரம் பாடும்போது மேலே ஸ்வர வரியில், சாகித்தியம் வரும்போது கீழ் வரியில். நான் தடம் மாறிவிட்டேன் என்று எப்படித்தான் தெரியுமோ, அந்த இடத்தில் லேசாகத் தட்டுவார். இத்தனை வருடம் கேட்ட பாட்டுக்கு அன்றுதான் முழு வார்த்தையும் எனக்குக் கிடைத்தது.

ரேடியோவில் கேட்காத ஒரு சத்தம் அங்கே இருந்தது. தாளம் போடும் கைகள் தொடையில் விழும் சத்தம். பாடுகிறவர்கள் மட்டும் இல்லை, கேட்க வந்தவர்களும் போடுகிறார்கள். அத்தனை உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் விழும்போது, மணலில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அது உடம்பில் தெரிகிறது. ஆரபியில் ஒவ்வொரு சரணமும் முடிந்து அந்தப் பழைய வரிக்கே திரும்பி வரும் இடத்தில், என் கையும் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது. மாஸ்டர் இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று அழுதுவிட்டேன். டீச்சர் ஒன்றும் கேட்காமல் முந்தானையை நீட்டினார். வராளிக்கு வந்தபோது கூட்டத்தின் குரல் கொஞ்சம் குறைந்தது. வராளியைக் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டாம், பாடம் பண்ணியவர்கள் குறைவு என்று டீச்சர் காதோடு சொன்னார். மாமியின் குரல் மட்டும் குறையவே இல்லை. ஸ்ரீ ராகம் தொடங்கியதும் திரும்பவும் பந்தல் முழுக்கச் சேர்ந்துகொண்டது.

நேரில் போய் நன்றி சொல்ல முடியாத ஒருவர் இருக்கிறார். பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். பிற்காலத்தில் கவனிப்பார் இல்லாமல் கிடந்த அந்தச் சமாதிக்கு, 1920களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு இன்று நாம் பார்க்கும் கோயிலை எழுப்பியவர் அவர்தான். தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடம் கிடையாது. இடம் கொடுக்காதவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல், பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். தனித்தனியாக நடந்தவை 1940களின் தொடக்கத்தில் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. 1952-இல் அவர் காலமானார். தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடியே அவருடைய நினைவிடமும் இருக்கிறது. டீச்சர் என்னை அங்கே கூட்டிப்போய் இதையெல்லாம் சொன்னபோது, சற்று முன் என் பக்கத்தில் வராளியைக் குரல் குறையாமல் பாடிய மாமியைத்தான் நினைத்துக்கொண்டேன். வாங்கி வைத்திருந்த கதம்பத்தைப் பாதி அங்கே வைத்துவிட்டு வந்தேன். பெரிய பெரிய கலைஞர்களுக்கெல்லாம் விருது கொடுக்கிறோம், நல்லதுதான். இந்த அம்மாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மதியத்துக்கு மேல் மேடையில் கச்சேரிகள். ஒருவருக்குச் சில நிமிடம்தான், ஒருவர் பாடி முடிப்பதற்குள் அடுத்தவர் தயாராகிவிடுகிறார். டீச்சரின் பழைய மாணவன் ஒருவன் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படிக்கிறான், அன்றைக்குத் தொண்டராக நின்றிருந்தான். "அக்கா, சுருதி சேர்க்கிறதைப் பாக்குறீங்களா?" என்று மேடையோரம் கூட்டிப்போனான். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். அதைவிட என்னை நிறுத்திவைத்தது தம்பூரா. ஒரு பெண் மீட்டிக்கொண்டிருந்தாள், என் மகள் வயதிருக்கும். தந்திகள் குதிரை என்கிற தாங்குகட்டை மேல் ஏறும் இடத்தில், ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் ஒரு துண்டு நூல்! குனிந்து பார்த்தேன். சாதாரணப் பருத்தி நூல்தான். அதற்கு ஜீவா என்று பேராம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒரு தந்தியின் நூலை இழுத்து எடுத்துவிட்டு மீட்டிக் காட்டினாள். தட்டையாக ஒரு ஒலி, அவ்வளவுதான், வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. நூலைத் திரும்ப அடியில் செருகி, ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே என்று நகர்த்தினாள். ஒரு இடத்தில் ரீங்காரம் பிறந்து அந்தத் தந்தி முழுக்கப் பரவியது. நாள் முழுக்க நூலோடு வாழ்கிறவள் நான். என் கடைக் கூடையில் கிடக்கிற அதே நூல் பாட்டுக்கு அடியில் இருந்து இத்தனை வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மா, கச்சேரி அவசரத்திலும் நிறுத்தி எனக்குக் காட்டினாயே, நீ நன்றாக இருக்க வேண்டும். மேடையில் உன் பேரை யாரும் அறிவிக்கவில்லை, நான் கவனித்தேன். அன்று பாடிய ஒவ்வொருவருக்குப் பின்னாலும் உன் கை ஓயாமல் மீட்டிக்கொண்டே இருந்தது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெண்களுக்கான கழிப்பிடத்தை அவ்வளவு கூட்டத்திலும் சுத்தமாக வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அக்காமார். வெளியூர் போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெண்களுக்குத்தான் தெரியும். டீச்சருக்குச் சாய்ந்து உட்கார இடம் பிடித்துக் கொடுத்த காவலர். மாமியாருக்குக் கொடுங்கள் என்று அசோகா இனிப்பில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்த கடைக்காரர். அன்றைக்கு வரவேண்டிய துணி மறுநாள் வந்தாலும் பரவாயில்லை என்று சொன்ன என் வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புத்தகம் கொடுத்த மாமியைக் கண்டுபிடிக்க வேண்டும். பஞ்சரத்தினம் முடிந்ததும் அவருடன் வந்தவர்கள் வேன் கிளம்புகிறது என்று அழைத்துப் போய்விட்டார்கள். "நீ வெச்சுண்டு பாடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஊர் கேட்கக்கூட நேரமில்லை. அரக்குச் சிவப்பில் சுங்குடிப் புடவை, இடது கையில் கறுப்புப் பட்டை போட்ட பழைய சாவிக் கடிகாரம். முதல் பக்கத்தில் பென்சிலால் பாட்டு வகுப்பு நாட்கள் குறித்திருக்கிறது, பேர் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள்: புத்தகத்தின் முதுகு பிரிந்திருந்தது, இரட்டை நூலில் தைத்துக் கெட்டித் துணியில் உறை போட்டிருக்கிறேன். டீச்சரிடம் இப்போது பாட்டின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை படிக்கிறேன். அடுத்த ஆராதனைக்கு அதே கம்பத்துப் பக்கம் புத்தகத்தோடு இருப்பேன். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள் மாமி, எந்த ஊராக இருந்தாலும் கொண்டுவந்து தருகிறேன்.