முகைதீன் பக்ஸ் கப்பல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் உலக மர்மங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பெர்முடா முக்கோணம், நாஸ்கா கோடுகள், ஆளில்லாமல் மிதந்த மேரி செலஸ்ட் கப்பல். எல்லாம் நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலேயே கேட்டவை. நியூசிலாந்து அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்தோடு ஒரு வெண்கல மணி இருக்கிறதே, அதற்கு ஒரு பத்தி கூடவா இடமில்லை?

1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்கிறவர் அதைப் பார்த்திருக்கிறார். கிறிஸ்தவ மிஷனோடு போன அச்சுக்காரர். நியூசிலாந்தின் வடக்கே ஃபாங்கரே பக்கம், அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில்தான் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்ததாகச் சொன்னார்களாம். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். இப்போது அது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘முகைதீன் பக்ஸ் உடைய கப்பல் மணி’ என்று பொருள்படும்படி விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து.

நான் முதுநகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். அந்தப் பண்டமாற்றை யாரும் ஏமாற்று என்று சொல்ல வேண்டாம். ஐரோப்பியர் வரும் வரை மாவோரிகளிடம் உலோகமும் கிடையாது, மண்பானை வனையும் வழக்கமும் கிடையாது. குழி தோண்டி, கல்லைச் சுட வைத்துச் சமைத்தவர்கள். அவர்களுக்கு உடைந்த மணியை விட முழுப் பானை பெரிது. கொலென்சோவுக்கும் லாபம்தான்.

படத்தைப் பார்த்தால் எழுத்து புடைத்து நிற்கிறது. வாங்கிய பிறகு உளியால் பெயர் வெட்டினால் எழுத்து பள்ளமாகத்தான் விழும். புடைத்து நிற்க வேண்டும் என்றால் வார்க்கும்போதே அச்சில் இருக்க வேண்டும். ஆக, அந்தக் கப்பலுக்கென்றே சொல்லிச் செய்த மணி அது. தமிழ் எழுத்து தெரிந்த கன்னார் வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப் கூட்டம். சோழர் கடற்படை நியூசிலாந்தைப் பிடித்ததற்கு இந்த மணிதான் சாட்சி என்று மாதம் ஒரு முறையாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள். பெயரையாவது படிக்க வேண்டாமா? முகைதீன் என்று கூப்பிட்டால் பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மலாக்காவுக்கும் சுமத்ராவின் அச்சேவுக்கும் துணி ஏற்றிப் போன கடற்கரை முஸ்லிம் வணிகர்களின் உலகம் அது. ராஜேந்திரனை விட்டுவிடுங்கள். எழுத்தின் அமைப்பை வைத்து 500 வருஷம் பழசு என்பவர்கள் உண்டு. அவ்வளவு ஆகாது என்பவர்களும் உண்டு.

மணி நியூசிலாந்துக்குப் போனது என்பதற்காகக் கப்பலும் அங்கே போனது என்று ஆகிவிடாது. கப்பலைப் பிடித்தவன் மணியைக் கழற்றிக்கொள்வான். உடைத்தால் எடைக்கு விற்பான். வெண்கலத்தை யாரும் வீசி எறிவதில்லை. ஐரோப்பியர்களில் அந்தக் கரையை முதலில் கண்டவர் டச்சு மாலுமி டாஸ்மன், 1642இல். 1769இல் ஆங்கிலேய மாலுமி குக் வந்தார். அதற்குப் பிறகு திமிங்கல வேட்டைக் கப்பல்கள் வரிசையாகப் போயின. அதில் ஒன்றில் பழைய மணி ஒன்று ஏறியிருக்கலாம். ஆனால் அந்த வேரடிக் கதை நிஜமென்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. ஒரு பெரிய மரம் அதன் மேல் வளர எத்தனை காலம் ஆகியிருக்கும்? எனக்கு அந்த இடம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

முகைதீன் பக்ஸ் முதலாளி பெயரா, கப்பல் பெயரா என்பதும் தனிக் கேள்வி. பக்ஸ் என்று முடியும் பெயர்கள் கப்பல்களுக்கும் இருந்தன. கப்பல் பெயராக இருந்தால் தேடுவது கொஞ்சம் சுலபம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலத்துக் காகிதங்கள் இருக்கின்றன. கப்பல் பெயர் தேடி அவற்றைப் புரட்டலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த எழுத்துப் படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போடுங்கள். பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று ஊர்ப் பெயரையும் போட்டு, பழைய கப்பல் கணக்கு வீட்டில் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு எழுதும்படி கேளுங்கள். பரங்கிப்பேட்டைக்கு மட்டும் வேண்டுமானால் நானே பேப்பரை எடுத்துக்கொண்டு போகிறேன். வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறைதான்.

இப்படிக்கு,
ஒரு பாத்திர வியாபாரி,
கடலூர் முதுநகர்.