ஞாயிறு உரையாடலுக்கு முன் படிக்க

நண்பர்களே, இந்த ஞாயிறு நாம் பேசப்போவது வீட்டில் வன்முறை செய்பவர்களைத் திருத்தும் வழிகள் பற்றி. குழுவில் இரண்டு கட்சி தெரிகிறது: "அடிக்கிறவர் திருந்தவே மாட்டார்", "கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்". இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

கோபம்தான் காரணம் என்றால் மேலதிகாரியிடமும் கை நீண்டிருக்க வேண்டுமே? அங்கே அடங்குகிற கோபம் வீட்டில் மட்டும் ஏன் அடங்குவதில்லை? அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான முறை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அடி மட்டுமல்ல, பணத்தைக் கையில் வைத்து ஆட்டுவது, மிரட்டுவது, உறவுகளை அண்டவிடாமல் செய்வது, பிள்ளைகளைப் பகடையாக்குவது எல்லாமே அதிகாரத்தின் கருவிகள் என்கிறது அது. குழுவாக அமர்ந்து, சாக்குச் சொல்லாமல் "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்ளப் பழக்குகிறார்கள். லேசான காரியம் அல்ல. பாதியிலேயே நின்றுவிடுபவர்கள் நிறைய. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இத்தகைய திட்டங்களின் பலன் சிறியது என்றே கண்டது.

குடிக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். ஆனால் குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், "இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம்" என்ற யோசனை ஆபத்தானது. அங்கே அடிபடுபவர் மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் அடி விழலாம். நல்ல திட்டங்கள் பாதிக்கப்பட்டவரைத் தனியே தொடர்புகொண்டு பாதுகாப்பை விசாரிக்கும்.

தெரிந்தவர் கதையைப் பகிர்வோர் பெயர், ஊர் எதுவும் சொல்ல வேண்டாம்.