சீசரை ரூபிகானில் தொடங்காதீர்கள்

உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ரோமக் குடியரசின் வீழ்ச்சி என்றதும், கி.மு. 49இல் சீசர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடக்கும் காட்சிக்குத்தான் பலரும் நேராகப் போய்விடுகிறோம். மாணவர்களுக்கும் அது பிடிக்கிறது. ஆனால் தளபதி ஒருவர் சொன்னதும் படைவீரர்கள் ஏன் சொந்த நகரத்தின் மீதே பாய்ந்தார்கள் என்பதற்கு அங்கே விடை இல்லை. தயவுசெய்து சீசருக்கு முந்தைய தலைமுறைத் தளபதியான காயஸ் மாரியஸிடமிருந்து தொடங்குங்கள்.

மாரியஸ் அர்ப்பினம் என்ற ஊர்க்காரர். அவர் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் ரோமில் உயர்பதவி வகித்ததில்லை. கி.மு. 119இல் மக்கள் டிரிப்யூனாக (பொதுமக்கள் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி) அவர் கொண்டுவந்த ஒரு சட்டத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாக்காளர் உயரமான பலகைப் பாதையில் வரிசையாக நடந்துபோய், மெழுகு பூசிய சிறு பலகையைக் கூடையில் போடுவார். ரகசிய வாக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், பெரிய இடத்து ஆட்கள் பாதையிலேயே நின்றுகொண்டு எட்டிப் பார்த்து மிரட்ட முடிந்தது. மாரியஸ் அந்தப் பாதையைக் குறுகலாக்கினார். அவ்வளவுதான். பெரிய குடும்பத்தினர் நிறைந்த ஆட்சி மன்றமான செனட் கொதித்தெழுந்து அவரிடம் விளக்கம் கேட்டது. எதிர்த்த கான்சலையே (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்) சிறையில் தள்ளுவேன் என்றார் அவர். சட்டம் நிறைவேறியது. அவருடைய அரசியல் பலத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது, போர்க்களத்தில் அல்ல.

அப்புறம் வட ஆப்பிரிக்காவின் நுமிடியா. அதன் அரசர் யுகுர்த்தாவுக்கு எதிரான போரில் தளபதி மெட்டல்லஸின் கீழ் பணியாற்றியபோது, கான்சல் தேர்தலில் நிற்க விடுப்புக் கேட்டார். என் மகனோடு சேர்ந்து நின்றுகொள்ளலாமே என்றார் மெட்டல்லஸ். மகனுக்கு அப்போது சுமார் இருபது வயது! இன்னும் பல ஆண்டுகள் காத்திரு என்பதுதான் அதன் பொருள். மாரியஸ் அடங்கிப் போகவில்லை. மெட்டல்லஸ் வேண்டுமென்றே போரை இழுத்தடிக்கிறார் என்று வீரர்களும் வணிகர்களும் ரோமுக்குக் கடிதம் எழுதும்படி செய்தார். கி.மு. 107இல் அவரே கான்சல். செனட் மெட்டல்லஸிடம் விட்டிருந்த போர்ப் பொறுப்பை மக்கள் மன்றம் பிடுங்கி இவரிடம் கொடுத்தது.

அந்த ஆண்டில்தான் சொத்தே இல்லாதவர்களையும் அவர் படையில் சேர்த்தார். (படையில் சேரத் தேவையான சொத்து வரம்பு ஏற்கெனவே குறைந்துகொண்டே வந்தது, எல்லாம் அவர் ஒருவரின் சீர்திருத்தம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.) போர் முடிந்து திரும்பினால் இவர்களுக்கு உழ நிலம் இல்லை. செனட்டும் கொடுக்கவில்லை. மாரியஸின் வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தரும் சட்டத்தை கி.மு. 103இல் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளியான சாட்டர்னினஸ் என்ற டிரிப்யூன். வீரனின் பிழைப்பு இப்படித் தளபதியின் கையில் போய்ச் சேர்ந்தது. வடக்கிலிருந்து வந்த சிம்ப்ரி, டியூட்டன் என்ற இனக்குழுக்களின் படையெடுப்பு அச்சத்தில் கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து ஐந்து முறை மாரியஸ் கான்சல் ஆனதை விரைவாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

கி.மு. 88க்கு மட்டும் ஒரு பாடவேளை முழுவதும் ஒதுக்குங்கள். கிழக்கே பாண்டஸ் நாட்டின் அரசர் மித்ரிடேட்டஸ் மீதான போரின் தலைமை அந்த ஆண்டின் கான்சலான சுல்லாவிடமிருந்து மாரியஸுக்கு மாற்றப்பட்டபோது, சுல்லா ரோம் மீதே படை நடத்தினார். அதிகாரிகளில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அவரை விட்டு விலகினார்கள். சாதாரண வீரர்கள் விலகவில்லை. மாரியஸ் வேறு ஆட்களைச் சேர்த்தால் கிழக்கின் கொள்ளைப் பொருள் கைநழுவிப் போகுமே என்பது அவர்கள் கவலை. ரூபிகானுக்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே வழி திறந்தாயிற்று. மாரியஸின் மனைவி யூலியா சீசரின் அத்தை என்பதையும் சொல்லிவிட்டு, அதன்பிறகு சீசருக்கு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்