பொருள்: ‘உறுப்பினர் விலை’ அட்டையால் கூடுதல் பணம் வாங்கியது குறித்துப் புகார்

பெறுநர்: பேரங்காடி நிர்வாகி, சுங்கை சிப்புட் கிளை, மலேசியா

ஐயா,

சென்ற சனிக்கிழமை என் மாமியார் உங்கள் கிளையில் சார்டின் டின் 4, சலவைத்தூள் ஒரு பை, பருப்பு, கோதுமை மாவு வாங்கினார். சார்டின் அடுக்கில் மஞ்சள் அட்டை. அதில் கட்டை விரல் அளவு எழுத்தில் 7.49 வெள்ளி (ரிங்கிட்). அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போல ‘அஹ்லி சஹாஜா’ (உறுப்பினருக்கு மட்டும்), பக்கத்தில் சாதாரண விலை 8.99. கவுண்டரில் ஒரு டின்னுக்கு 8.99தான் போட்டார்கள், 4 டின்னுக்கு 6 வெள்ளி கூடுதல். சலவைத்தூளுக்கும் இதே கதை, அதில் 3 வெள்ளி கூடுதல். மொத்தம் 9 வெள்ளி.

கேட்டதற்கு, “செயலி இருந்தால்தான் அந்த விலை, ஆன்ட்டி” என்றாராம் கவுண்டரில் இருந்த பெண். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது பட்டன் போன். எங்கள் லயத்துப் (தோட்டக் குடியிருப்பு) பக்கம் லைனும் சரியாகக் கிடைக்காது.

எனக்குப் புரியாதது இதுதான். அன்று அவர் கட்டியது சாரா, அதாவது அடிப்படைப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் உதவிப் பணம். மைகார்டை (அடையாள அட்டையை) செருகியதும் அரசாங்கப் பணம் கழிந்துவிட்டது. அவர் யார் என்பதற்கு அந்த அட்டை போதும் என்றால், உங்கள் 9 வெள்ளிக்கு மட்டும் ஏன் போதாது? மைகார்டு எண்ணைக் கொண்டே உறுப்பினராக்கி, கவுண்டரில் அந்த விலையைக் கொடுக்க முடியாதா?

இன்னொன்று, பருப்பு. 500 கிராம் பாக்கெட் ‘2 வாங்கினால் 6.40’ என்று சிவப்பு அட்டை. அதற்குப் பக்கத்திலேயே 1 கிலோ பாக்கெட் 5.90, அட்டை எதுவும் இல்லாமல்! இரண்டிலும் அதே ஒரு கிலோ. கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சலுகை என்று நம்பி 50 காசு கூடக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சலுகைத் தேதியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாளில் பெரும்பாலும் 25 தொடங்கி அடுத்த மாதம் 3 வரை என்றுதான் போடுகிறீர்கள். 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். செம்பனைத் தோட்டத்து ஆட்களுக்குச் சம்பளம் வரும்போது உங்கள் மஞ்சள் அட்டையைக் கழற்றியிருப்பார்கள். இந்த ஊரில் கடை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டாமா? 10ஆம் தேதி வரை நீட்டித்தால் உங்களுக்கும் வியாபாரம்தானே.

என் கோரிக்கைகள்: அந்த 9 வெள்ளியை மாமியாருக்குத் திருப்பித் தர வேண்டும். அட்டையில் சாதாரண விலையையும் உறுப்பினர் விலையையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும். போன் இல்லாதவர்களுக்கு மைகார்டு வழியாகவே உறுப்பினர் விலை கொடுக்க வேண்டும்.

விலையைக் காட்டி வாங்குபவரைத் தவறாக எண்ண வைப்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 14 நாளில் பதில் இல்லை என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்வேன். அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் பதிவேன். அங்கே கட்டணம் 5 வெள்ளிதான்.

ரசீது நகலும் அட்டையைப் பிடித்த படமும் இத்துடன் இருக்கின்றன. பணம் வாங்க மாமியாரை நேரில் வரச் சொன்னால் எந்த நாள், எந்தக் கவுண்டர் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பஸ் அடிக்கடி கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் கிளை வாடிக்கையாளர்