கடைசிச் சக்கரத்துக்கு முதல் நன்றி

துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

200 கிலோமீட்டர் சைக்கிள் ரைடு. கிளம்பியவர்கள் அத்தனை பேரும் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தோம். மிதித்தவர்களுக்கு வாழ்த்துகள் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. கூட்டம் சிதறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'எல்லோருக்கும் நன்றி' என்று ஒரு வரியில் முடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்று எழுதி வைத்தால்தான் அடுத்த ரைடில் அந்த வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்ய முடியும். அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, வழி முழுக்கக் கடைசியிலேயே வந்த அக்காவுக்கு. ஸ்வீப் என்றால் மெதுவாக ஓட்டுபவருக்குக் கொடுக்கும் இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கூட்டத்திலேயே கால் பலம் அதிகம் உள்ளவர்தான் அங்கே இருக்க வேண்டும். பின்தங்கிய ஒருவரைத் தன் பின்சக்கரத்தில் ஒட்டவைத்து, எதிர்க்காற்றைத் தானே வாங்கிக்கொண்டு, மறுபடி கூட்டத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அது. அரைகுறைப் பலத்தோடு அதைச் செய்ய முடியாது.

கூட்டம் ஏன் அறுகிறது என்பது முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு வளைவில் முதல் ஆள் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு இறங்கி, வளைந்ததும் உடனே 30-க்கு ஏறிவிடுவார். அந்த நேரத்தில் கடைசி ஆள் இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பார். விட்ட இடைவெளியைப் பிடிக்க அவர் 38, 40 வரை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இதே கதை. 100 கிலோமீட்டர் தாண்டியதும் பின்னால் இருப்பவர்கள் காலில் ஒன்றும் மிஞ்சாது. 'ஃபிட்னஸ் போதாது' என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழும். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: பின்னாலிருந்து 'எல்லாரும் வந்தாச்சு' என்ற குரல் கேட்கும்வரை முன்னால் 22-ஐத் தாண்டக் கூடாது. அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் குரலைக் கொடுத்தார். நடுவில் வந்தவர்கள் அதை விழுங்காமல் முன்னால் கடத்தினார்கள், அவர்களுக்கும் நன்றி.

'கேப்' என்று அவர் கத்திய நேரமும் முக்கியம். இடைவெளி நாலைந்து மீட்டர் இருக்கும்போதே கத்திவிட்டார். அப்போது முன்னால் 2 கிலோமீட்டர் வேகம் குறைத்தால் போதும். இருபது மீட்டர் விட்டுப் போனபின் சொன்னால், விட்டுப்போனவருக்கு, முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துத் தரும் மறைவு அதற்குள் போயிருக்கும். தனியாக மிதிக்கிறார் என்றே அர்த்தம்.

அடுத்து, முன்னால் நின்று இழுத்த தம்பிகளுக்கு. அரை மீட்டர் பின்னால் வருபவருக்குச் சமதரையில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகிறது என்பது தெரிந்த கணக்குதான். அந்த மிச்சத்தை முன்னால் இருப்பவரே கெடுத்துவிட முடியும். புதிதாக முன்னுக்கு வந்ததும் உற்சாகத்தில் 2, 3 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டுவது ரோடு ரைடுகளில் அதிகம் பார்க்கும் தவறு. நீங்கள் அதைச் செய்யவில்லை. முந்தையவர் விலகும்போது மீட்டரில் என்ன எண் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டீர்கள். சாதாரண நேரத்தில் ஐந்து நிமிடம், எதிர்க்காற்றில் இரண்டு நிமிடம் என்று முறை வைத்து மாறினீர்கள். விலகும்போது பின்னால் பார்த்து, முழங்கையை அசைத்துக் காட்டி, மிதிப்பதை நிறுத்தாமல் லேசாகத் தளர்த்தி வரிசையின் வாலுக்குப் போனீர்கள். மேட்டின் உச்சியைத் தொட்டதும் பாய்ந்து இறங்காமல், கடைசி ஆளும் ஏறி முடிக்கும்வரை சும்மா சுழற்றிக்கொண்டே இருந்தீர்கள். அந்த அரை நிமிடப் பொறுமையைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதலாம்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. எழும் நொடியில் சைக்கிள் ஒரு சாண் பின்னால் உதைக்கும். பின்னால் வருபவரின் முன்சக்கரம் அதில் உரசினால் விழுவது அவர்தான், உதைத்தவர் இல்லை. ஒரு கியர் கனமாக்கி, பெடல் கீழே போகும்போது அழுத்தம் விடாமல் எழுந்தால் அந்த உதை வராது. இதைச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான், செய்து காட்டியதும் நீங்கள்தான்.

குழி, ஜல்லி, நாய் என்று குரல் கொடுத்தவர்களையும் விட்டுவிட முடியாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். குழி முன்னவரின் சக்கரத்தைத் தாண்டி வெளியே தெரியும்போது பின்னவருக்குத் திருப்ப நேரமே இருக்காது. கையால் காட்டுவது அழகு, ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் கையை எடுத்துக் காட்டுவது ஆபத்து. அந்த இடங்களில் வாயை மட்டும் பயன்படுத்தினீர்கள். அது போதும்.

இனி மெக்கானிக் அண்ணனுக்கு. முன்தினம் மாலை ஒவ்வொரு சைக்கிளையும் அவர் பார்த்த விதத்தாலேயே வழியில் பெரிய பழுது எதுவும் வரவில்லை. செயின் தேய்மானம் 0.5 சதவீதம் தாண்டிய இரண்டு சைக்கிளைத் தனியே நிறுத்தினார். 11 ஸ்பீடுக்கான குயிக் லிங்க்கை (செயினின் இரு முனைகளைச் சேர்க்கும் கண்ணி) 12 ஸ்பீடு செயினுக்கு எடுத்து வைத்திருந்தவரின் பையிலிருந்து அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சரியானதை வைத்தார். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், அதில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் முறுக்கினார். ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட்டின் போல்ட்டுகளையும் விடவில்லை. அதில் ஒன்று கழன்றாலும் திருப்பும்போது ஷூ மட்டும் சுற்றலாம், கிளீட் பெடலிலேயே நிற்கும், கால் வெளியே வராது. நிற்கும்போது ஆள் அப்படியே சாய்வார்.

காற்று விஷயத்தில் நடந்தது பெரிய வாதம். 70 கிலோ எடையுள்ளவர், 28 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். 'கல் மாதிரி இருந்தால்தான் ஓடும்' என்பது பழைய நம்பிக்கை. கரடான தார்ச்சாலையில் அவ்வளவு காற்று வைத்தால் சக்கரம் உருளாமல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகமும் கொஞ்சம் கைவலியும் கணக்கில் ஏறும். 72-க்கு இறக்கி வைத்தார். ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) வைத்திருந்தவர்களிடம் வாதமே கிடையாது: அதற்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. அதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

வழியில் வந்த பஞ்சர்களில் அவர் செய்ததை அப்படியே எழுதி வைக்கிறோம். டியூப் மாற்ற எல்லோருக்கும் தெரியும். ஏன் இறங்கியது என்று பார்க்கும் பொறுமைதான் பலருக்கு இல்லை. கழற்றும் முன்பே, டயரில் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். டியூபில் காற்றடித்து, உதட்டருகே கொண்டுபோய் ஓட்டையைக் கண்டுபிடித்தார். வால்விலிருந்து அது எத்தனை தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்துக்குப் போனார். ஒரு பருத்தித் துணியை டயரின் உள்ளே மெதுவாக இழுத்தபோது ஓரிடத்தில் நூல் சிக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடக்கியதும் முடி கனத்தில் ஒரு இரும்புக் கம்பி எட்டிப் பார்த்தது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது சாலையோரத்தில் விழுகிற கம்பி அது. ட்வீசரால் எடுத்தார். அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் அடுத்த சில கிலோமீட்டரில் அதே இடத்தில் அதே பஞ்சர்.

இன்னொருவரின் டியூபில் பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு ஓட்டை. கம்பி தேட வேண்டியதில்லை என்று உடனே சொல்லிவிட்டார். காற்று குறைந்து, குழி விளிம்பில் ரிம் இடித்ததன் அடையாளம் அது. ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் ரிம்மில் உள்ள கம்பித் துளைகளை மூடும் ரிம் டேப்பைப் பார்க்கச் சொன்னார்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போட்டவர்களிடம் அவர் சொன்னதை மறக்காதீர்கள்: 16 கிராம் சிலிண்டர் ஒரு ரோடு டயரை நிரப்பிவிடும், ஆனால் அந்த வாயு டியூப் ரப்பர் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் டயர் சப்பையாக இருந்தால் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம்; வீட்டில் முழுக்க இறக்கிவிட்டுப் பம்பால் அடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் தீனியும் பார்த்துக்கொண்ட தோழிகளுக்கு. உங்கள் கணக்கு சுத்தம்: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும் என்பதால், பழத்தை மட்டும் நம்பியவர்களுக்கு மணிக்கு இரண்டு என்று எண்ணிக் கையில் கொடுத்தீர்கள். இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு. உப்பு எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம் என்பதால் அது 600 மில்லிகிராம் அளவுக்கு வரும். சர்க்கரையை இன்னும் அள்ளிப் போட்டால் வயிறு அதைக் கீழே இறக்காமல் கலக்கும்.

பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பின் எதைச் சாப்பிட்டாலும் கால் உடனே திரும்பாது. முதல் அரை மணியிலேயே 'வாயில் ஏதாவது போடுங்க' என்று நீங்கள் விரட்டியபோது முகம் சுளித்தவர்கள் இப்போது மன்னிப்புக் கேட்கிறார்கள். வெயில் ஏறியபின் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியவர்களைத் தடுத்ததற்கும் நன்றி. தலைவலி, குமட்டல், மோதிரம் கழற்ற முடியாதபடி விரல் வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால், ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். அங்கே இன்னும் தண்ணீர் கொடுப்பது கெடுதல். நிறுத்தம்தோறும் 'கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?' என்று கூச்சப்படாமல் கேட்டீர்களே, அதைவிட நல்ல பரிசோதனை சாலையோரத்தில் கிடையாது.

நிறுத்தத்தைப் பத்து நிமிடத்தில் முடித்ததும் நீங்கள்தான். இது பெரிய விஷயம். 200 கிலோமீட்டர் பிரெவேக்கு (நேர வரம்புக்குள் முடிக்கும் நெடுந்தூர ரைடு) உலகமெங்கும் கால வரம்பு 13 மணி 30 நிமிடம். 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் நேரம் 8 மணிதான். மீதியை எல்லாம் தின்பது நிறுத்தங்கள். ஐந்து இடத்தில் பத்துப் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் ஐம்பது நிமிடம் போச்சு. அதை மிதித்து மீட்க முயன்றால் கூட்டம் அறும்.

துணை வண்டி ஓட்டிய அண்ணன் எங்கள் பின்னால் ஊர்ந்து வரவில்லை. ஊர்ந்து வந்தால் மற்ற வண்டிகள் முந்த முடியாமல் எரிச்சலடையும், கடைசியில் அந்த எரிச்சலைச் சைக்கிள்காரர்தான் வாங்குவார். 25, 30 கிலோமீட்டர் முன்னால் போய், தார் விளிம்பை விட்டு முழுதாக இறங்கி, திருப்பத்தைத் தாண்டிய இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். வண்டியைப் பார்த்தாலே வழி சரி என்று தெரிந்தது. மாற்றுச் சக்கரங்களை வாங்கும் முன், ஆக்ஸில் (சக்கர அச்சு) முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ.-தானா, பிரேக் டிஸ்க் 140-ஆ 160-ஆ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்தது அவர்தான். பொருந்தாத சக்கரம் வண்டியில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

வழி போட்டவருக்கு: காற்று பார்த்து, எதிர்க்காற்றைப் போகும் பாதியிலும் பின்காற்றைத் திரும்பும் பாதியிலும் வைத்தீர்கள். மீட்டரில் ஏற்றும் ஜி.பி.எக்ஸ். வழிக் கோப்போடு திருப்பங்களைத் தாளிலும் அச்சடித்துக் கொடுத்தீர்கள். மீட்டர் அணைந்துபோன இருவர் அதை வைத்தே வந்தார்கள்.

'வேகத்தைக் குறைங்க' என்று வாய்விட்டுச் சொன்ன புதியவர்களுக்குக் கடைசியாக ஒரு நன்றி. சொல்லாமல் பல்லைக் கடித்து ஓட்டி, 140-ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுபவரால்தான் கூட்டத்துக்கு நேரம் போகும். நீங்கள் 40-இலேயே சொன்னீர்கள்.

துணை வண்டியிலிருந்து டியூபும் சிலிண்டரும் எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த ரைடுக்கு முன் திருப்பி வைத்துவிடுங்கள். வால்வு நீளம் பார்த்து வாங்குங்கள்: 40 மி.மீ. ஆழமுள்ள ரிம்முக்கு 60 மி.மீ., 50-ஐத் தாண்டினால் 80 மி.மீ. பின்விளக்கு ஒன்றும் இடதுகைக் கையுறை ஒன்றும் வண்டியில் கிடக்கின்றன. உரியவர்கள் அண்ணனிடம் வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
ரைடு குழுவினர்