டியூபை மூடும் முன்: புரத அளவீட்டுக்கு மாதிரி அனுப்புவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாதிரிகளில் சிலவற்றைக் கருவியில் ஏற்றாமலே, வேறு மாதிரி கேட்டு அழைக்கிறோம். மறுபடி எடுக்க முடியாத நோயாளி மாதிரி என்றால் அந்த இழப்பு பெரிது. அதைத் தவிர்க்கவே இதை எழுதுகிறோம்.

மூலக்கூறுகளை எடையால் இனங்காணும் எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முழுப் புரதத்தை அளப்பதில்லை. லைசின், ஆர்ஜினைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் அடுத்து டிரிப்சின் என்ற நொதி வெட்டித் தரும் பெப்டைடுகளை, அதாவது புரதத் துண்டுகளைத்தான் அளக்கிறோம். வெட்டு சரியாக விழாவிட்டால் எண்ணும் சரியாக வராது.

அதிகம் கெடுப்பது டிட்டர்ஜென்ட். வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனைக்காக, செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் தயாரித்த லைசேட்டின் (உடைத்த செல் கரைசலின்) மிச்சத்தை அனுப்புகிறீர்கள். அதில் டிரைட்டான் எக்ஸ்-100 அல்லது என்பி-40 என்ற டிட்டர்ஜென்ட் இருக்கும். இவற்றின் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி பெப்டைடுகளைப் பிரிக்கும் சி18 குழாயில் (column) ஒட்டிக்கொண்டு, 44 டால்டன் (மூலக்கூறு எடை அலகு) இடைவெளியில் ஏணிப்படி போலச் சிகரங்களாக வெளிவந்து பெப்டைடுகளை அமுக்கிவிடும். பின்னால் ஓடும் அடுத்தவர் மாதிரியும் பாழாகும். செல்லை உடைக்க எஸ்.டி.எஸ். என்ற டிட்டர்ஜென்ட் போடுங்கள், 5 சதவீதம் வரை இருந்தாலும் எஸ்-டிராப் என்ற வடிகட்டியில் கழுவி எடுத்துவிடுவோம். ட்வீன்-20-இலும் அதே சங்கிலி உண்டு, அது வேண்டவே வேண்டாம்.

புரதத்தை விரிக்க யூரியா பயன்படுத்தினால் அன்றன்று கரையுங்கள், 37 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். சூட்டில் யூரியாவிலிருந்து சயனேட் உண்டாகி லைசினில் ஏறும். பெப்டைடின் எடை 43 டால்டன் கூடும். அந்த லைசினை டிரிப்சின் வெட்டாது. 8 மோலார் யூரியாவை 1 மோலாருக்குக் கீழே நீர்த்த பிறகே, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின் சேர்த்து இரவு முழுதும் 37 டிகிரியில் வைக்கிறோம். பிசிஏ என்ற நிறமாற்ற முறையில் புரதம் அளப்பவர்கள், டிடிடி என்ற ஒடுக்கும் பொருளைச் சேர்க்கும் முன்பே அளந்துவிடுங்கள். சேர்த்த பின் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

இரத்தமாக இருந்தால், உறையாமல் தடுக்கும் இடிடிஏ டியூபில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் 2,000 ஜி (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு) விசையில் 15 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவை 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே ஆய்வில் சீரத்தையும் பிளாஸ்மாவையும் கலக்காதீர்கள். இரத்தம் உறைந்த பின் கிடைக்கும் சீரத்தில், ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் உறைகட்டியோடு போய்விட்டிருக்கும். தட்டணுக்கள் தங்கள் புரதங்களைக் கொட்டியிருக்கும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று பொருள். அதில் ஹீமோகுளோபினோடு, சிவப்பணுவின் நொதியான கார்போனிக் அன்ஹைட்ரேஸும் ஏறி நோயின் அடையாளம் போலத் தோற்றம் காட்டும்.

அழற்சியைக் காட்டும் புரதமான இன்டர்லியூக்கின்-6 கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: பிளாஸ்மாவில் ஆல்புமின் மட்டுமே மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம், ஆரோக்கியமானவரிடம் இன்டர்லியூக்கின்-6 சில பிக்கோகிராம்தான். ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். ஆன்டிபாடியால் பிரித்தெடுக்காமல் இது எங்கள் கருவியில் தெரியாது, ஆன்டிபாடியால் அளக்கும் எலைசா சோதனை செய்துகொள்ளுங்கள்.

துல்லியமான அளவு வேண்டுமென்றால், அதே பெப்டைடின் கனமான ஐசோடோப் ஏற்றிய நகலை அளவு தெரிந்து சேர்க்கிறோம். கார்பன்-13, நைட்ரஜன்-15 கொண்ட லைசின் 8 டால்டனும், ஆர்ஜினைன் 10 டால்டனும் கூடுதலாக இருக்கும். நகலும் மாதிரியின் பெப்டைடும் பிரிப்புக் குழாயிலிருந்து ஒரே நேரத்தில் வெளிவரும். இரண்டின் விகிதமே விடை. ஆனால் டிரிப்சின் வேலை முடிந்த பிறகு சேர்க்கும் பெப்டைடுக்கு, அதற்கு முன் நடந்த இழப்பு தெரியாது. ஐசோடோப் ஏற்றிய முழுப் புரதம் கிடைத்தால், செலவு கூடினாலும் முதல் படியிலேயே அதைச் சேர்ப்பதுதான் சரி. பெப்டைடுதான் என்றால் ஒரு புரதத்துக்குக் குறைந்தது இரண்டு பெப்டைடு வேண்டும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உள்ளதை விடுங்கள், அது ஆக்சிஜனேற்றமாகி 16 டால்டன் தள்ளிப் போய்விடும். இரண்டு பெப்டைடும் வெவ்வேறு அளவு சொன்னால், நாங்கள் சராசரி எடுத்துத் தரமாட்டோம். வெட்டு முறையைத்தான் மறுபடி பார்ப்போம்.

நைட்ரைல் கையுறை போடுங்கள், கம்பளி ஆடை வேண்டாம்; தோலிலும் கம்பளியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் எங்கும் புகும்.

நோயாளிகளின் டியூபை இந்த வாரமும் ஒப்பீட்டுக் குழுவின் டியூபை அடுத்த வாரமும் அனுப்பாமல், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் டிரை ஐஸில் அனுப்புங்கள். ஓட்ட வரிசையை நாங்கள் கலைத்து அமைப்போம். பஃபரில் சேர்த்த ஒவ்வொரு பொருளையும், அதன் அளவையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

அன்புடன்,
மாதிரித் தயாரிப்புப் பிரிவு